கடலுக்கடியில் ஒளியால் செய்தி: பேட்டரி கரையாமல் பேசுவது எப்படி?

கடலின் அடித்தரையில் ஒரு சென்சார் கிடக்கிறது. நீரின் வெப்பநிலை, உப்பின் அளவு, நில அதிர்வு, திமிங்கிலத்தின் குரல் என்று எதையோ இரவு பகலாகப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. அதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் உள்ளே வைத்து மூடிய பேட்டரிதான். அது தீர்ந்தால் ஒரு கப்பல் கிளம்பிப் போய்க் கருவியை மேலே தூக்கி, பேட்டரியை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். அதனால் அங்கே செலவாகும் ஒவ்வொரு ஜூலுக்கும் கணக்கு உண்டு. பல கருவிகளில் பதிவு செய்யும் வேலை கொஞ்சம் மின்சாரத்திலேயே நடந்துவிடுகிறது. பதிவு செய்ததை வெளியே அனுப்பும் வேலைதான் பேட்டரியைக் கரைக்கிறது.

கேபிள் இழுக்கலாமே என்று கேட்கலாம். சில இடங்களில் இழுக்கிறார்கள். ஆனால் நீந்தித் திரியும் ரோபோவுக்கும், கரையிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் கருவிக்கும் அது ஒத்துவராது. கம்பியில்லாமல்தான் பேசியாக வேண்டும்.

நிலத்தில் கம்பியில்லாமல் பேசுவது என்றாலே ரேடியோ அலைதான். வைஃபை, ப்ளூடூத், செல்பேசி எல்லாமே அந்தக் குடும்பம். கடல்நீரில் அது எடுபடுவதில்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ரேடியோ அலையின் மின்புலம் நீரிலுள்ள அயனிகளைப் பிடித்து ஆட்ட, அலையின் ஆற்றல் அங்கேயே வெப்பமாகப் போய்விடுகிறது. அதிர்வெண் கூடக் கூட இழப்பும் கூடும். 1 மெகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் கால் மீட்டர் போவதற்குள் அதன் வீச்சு 37 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வைஃபை அலை சில சென்டிமீட்டரிலேயே அடங்கிப்போகும். நீர்மூழ்கிக் கப்பல்களை ரேடியோவில் அழைப்பதற்கென்றே அமெரிக்கக் கடற்படை 2004 வரை 76 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்களை நடத்தியது. அவற்றுக்குப் பல கிலோமீட்டர் நீள ஆண்டெனா வேண்டியிருந்தது. சில எழுத்துகள் போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆயின.

அதனால்தான் கடலுக்கடியில் இதுவரை ஒலியின் ஆட்சி. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில், கிலோமீட்டர் கணக்கில் போகும். திமிங்கிலங்கள் இதை நம்பித்தான் பேசிக்கொள்கின்றன. ஆனால் ஒலியில் தகவல் மெதுவாகத்தான் நகரும். தகவலை ஒலியாக்கித் தொலைவாக அனுப்பும் ஒலி மோடம்களின் வேகம் விநாடிக்குச் சில ஆயிரம் பிட்கள் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு துணுக்கு). ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர இரண்டு விநாடி. மேற்பரப்பிலும் அடித்தரையிலும் பட்டு எதிரொலி வேறு வந்து குழப்பும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்சாரில் 1 ஜிகாபைட் தகவல் சேர்ந்திருக்கிறது. அது 800 கோடி பிட். ஒலி மோடம் விநாடிக்கு 5000 பிட் அனுப்புகிறது, அனுப்பும்போது 20 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் அனுப்பி முடிக்க 16 லட்சம் விநாடி, அதாவது பதினெட்டரை நாள் ஆகும். செலவு கிட்டத்தட்ட 8.9 கிலோவாட்-மணி. இதே வேலையை 5 வாட் எடுத்து விநாடிக்கு 50 லட்சம் பிட் அனுப்பும் ஒளிக்கருவி செய்தால் 27 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செலவு 2.2 வாட்-மணி. முதலாவது 460 செல்பேசி பேட்டரிகளைக் காலி செய்யும். இரண்டாவது ஒரே ஒரு செல்பேசி பேட்டரியில் ஒன்பதில் ஒரு பங்கை எடுக்கும். வித்தியாசம் 4000 மடங்கு.

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஒளிக்கு மாறிவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். ஒலி போகும் கிலோமீட்டர்களை ஒளி கனவிலும் நினைக்க முடியாது. சில பத்து மீட்டர். தெளிந்த ஆழ்கடலில், நல்ல கருவிகளோடு, நூறு மீட்டரை ஒட்டி. இந்தக் குறுகிய எல்லைக்குள் குறைந்த மின்சாரத்தில் எப்படிப் பேசுவது என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினால் போதும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். நீருக்கடியில் பயன் மிகக் குறைவாகத் தரும் வழி அதுதான்.

நீலமும் பச்சையும்

ஒளியால் பேசுவது பழைய எண்ணம். அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1880இலேயே சூரிய ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி அனுப்பிக் காட்டினார். அது காற்றில். நீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி விடுவதில்லை. சிவப்பைச் சில மீட்டருக்குள் விழுங்கிவிடும். 450 முதல் 550 நானோமீட்டர் வரையிலான நீலம், பச்சை நிறங்களுக்கு மட்டும் ஒரு சன்னல் போல இடம் விட்டிருக்கிறது. சீபர்ட் டண்ட்லி என்ற அறிவியலாளர் 1963இல் கடலுக்குள் ஒளி போகும் விதத்தை விரிவாக எழுதியபோது இதையும் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்குச் சிறியதாக, மலிவாக, குறைந்த மின்சாரத்தில் நீல ஒளி தரும் விளக்கு இல்லை. 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்இடி வந்த பிறகுதான் கதவு திறந்தது. அதை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆழ்கடலில் தானாக ஒளிரும் உயிரினங்களில் பெரும்பாலானவை வெளிவிடுவது நீல ஒளியைத்தான், சுமார் 475 நானோமீட்டரை ஒட்டி. அங்கே வாழும் மீன்கள் பலவற்றின் கண்களும் அதே நிறத்துக்குத்தான் கூர்மையாக இருக்கின்றன. நாம் ஆய்வகத்தில் அளந்து கண்டுபிடித்த சன்னலை அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. பொறியாளருக்கு இது ஒரு தொல்லையும்கூட. அந்த மினுமினுப்பு, செய்தியின் ஒளியைப் பெறும் கருவியான ஏற்பியில் விழுந்தால் இரைச்சல்தான்.

விளக்கு மிக வேகமாக அணைந்து எரிவதுதான் செய்தி. எரிந்தால் 1, அணைந்தால் 0. எல்இடி இதை விநாடிக்குப் பல லட்சம் முறை செய்யும். வீட்டில் எரியும் வெள்ளை எல்இடியில் நீல ஒளியை மஞ்சளாக மாற்றும் ஒரு பூச்சு இருக்கிறது. அது மெதுவாகத்தான் அணையும். கடலுக்கடியில் அந்தப் பூச்சு தேவையே இல்லை, நீலமே போதும் என்பதால் வேகமும் கிடைக்கிறது, நிறமாற்றத்தில் போகும் மின்சாரமும் மிச்சம்.

வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினால் எவ்வளவு தூரம் கிடைக்கும்?

நீரில் ஒளி குறைவதற்குக் காரணம் இரண்டு. நீரும் அதில் கரைந்தவையும் ஒளியை உட்கவர்ந்துகொள்கின்றன. மிதக்கும் துகள்கள் அதைத் திசை மாற்றிச் சிதறடிக்கின்றன. இரண்டையும் சேர்த்து ‘ஒளி நலிவுக் குணகம்’ என்று ஓர் எண்ணாகச் சொல்வார்கள். தெளிந்த ஆழ்கடலுக்கு மீட்டருக்குச் சுமார் 0.15, கரையோரக் கடலுக்கு 0.40, கலங்கிய துறைமுக நீருக்கு 2.2 என்பவை வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுகள்.

இந்த எண்கள் பார்க்கச் சின்னவை. விளைவு சின்னதில்லை. ஒளி ஒவ்வொரு மீட்டரிலும் தன்னிடம் மிச்சமிருப்பதில் ஒரே விகிதத்தை இழக்கிறது. வட்டிக்கு வட்டி போல, ஆனால் இறங்குமுகமாக. தெளிந்த கடலில் 10 மீட்டர் தாண்டினால் 22 சதவீதம் மிஞ்சும். கரையோரத்தில் அதே 10 மீட்டரில் 2 சதவீதத்துக்கும் குறைவு. துறைமுகத்தில் 2 மீட்டரிலேயே 1 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும்.

இப்போது விளக்கின் சக்தியை இரட்டிப்பாக்குவோம். மற்ற எல்லாம் அப்படியே இருந்தால், தெளிந்த கடலில் கூடுதலாகக் கிடைப்பது 4.6 மீட்டர். கரையோரத்தில் 1.7 மீட்டர். துறைமுகத்தில் 32 சென்டிமீட்டர், ஒரு முழங்கூட இல்லை. நூறு மடங்கு மின்சாரம் கொட்டினாலும் கரையோரத்தில் பதினொன்றரை மீட்டருக்கு மேல் நீளாது. ஒளிக்கற்றை விரிந்து போவதை இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் குறையும். சிதறிய ஒளியில் ஒரு பகுதி வளைந்து நெளிந்து ஏற்பிக்கு வந்துவிடுவதும் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஒரு தொடக்கநிலை வாசகர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், நான் இந்த 1.7 மீட்டரைத்தான் கையில் கொடுப்பேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தத் துறையில் செய்யும் எல்லா வேலையும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒளி எங்கே வீணாகிறது?

கரையோரக் கடலில் 20 மீட்டர் இடைவெளி. விளக்கு 1 வாட் ஒளி தருகிறது. நீரே அதை 3000இல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அடுத்து, கற்றை விரிகிறது. நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 10 டிகிரி விரியும் எல்இடி என்றால் 20 மீட்டரில் அந்த வட்டத்தின் ஆரம் மூன்றரை மீட்டர். ஏற்பியின் லென்ஸ் 5 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. வட்டத்தின் பரப்பில் அது பிடிப்பது 20,000இல் ஒரு பங்கு. மீதி எல்லாம் பக்கத்தில் கடந்து போய்விடுகிறது. இரண்டு இழப்பையும் பெருக்கினால், புறப்பட்டதில் 6 கோடியில் ஒரு பங்குதான் வந்து சேரும்.

நீரின் இழப்பை நம்மால் மாற்ற முடியாது. விரிவை மாற்றலாம். 10 டிகிரியை 1 டிகிரியாக ஒடுக்கினால் லென்ஸில் விழுவது 20,000இல் ஒரு பங்கிலிருந்து 200இல் ஒரு பங்காக உயர்கிறது. ஒரு மில்லிவாட்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல் நூறு மடங்கு லாபம். லேசர் இதை இன்னும் நன்றாகச் செய்யும். ஆனால் இலவசம் என்று எதுவும் இல்லை: ஒடுங்கிய கற்றை சரியாகக் குறிபார்க்க வேண்டும். நீரோட்டத்தில் ஆடும் ரோபோ 1 டிகிரி திரும்பினாலே இணைப்பு அறுந்துவிடும். குறிபார்க்க மோட்டார் வைத்தால் அதுவும் மின்சாரம் தின்னும். அடித்தரையில் அசையாமல் கிடக்கும் இரண்டு கருவிகளுக்கு ஒடுங்கிய கற்றை, நகரும் ரோபோவுக்குக் கொஞ்சம் அகன்ற கற்றை என்பதுதான் என் கணிப்பில் நியாயமான தேர்வு.

லென்ஸின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் ஒளி நான்கு மடங்கு சேரும். இதற்கும் மின்சாரம் தேவையில்லை. கண்ணாடி பெரிதாகிறது, அவ்வளவுதான்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். தெளிந்த ஆழ்கடலுக்கு நீலம் பொருந்தும். கரையோரத்தில் ஆறுகள் கொண்டுவரும் கரைந்த தாவரக் கழிவுகளும் மிதக்கும் நுண்பாசிகளும் நீலத்தை விழுங்குவதால் சன்னல் பச்சைப் பக்கம் நகர்கிறது. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பச்சை எல்இடி, நீல எல்இடி அளவுக்குத் திறமையாக மின்சாரத்தை ஒளியாக்குவதில்லை. குறைந்த தூரத்துக்கு நீல விளக்கே சிக்கனம். தூரம் கூடும்போது நீரில் மிச்சமாகும் ஒளி விளக்கில் போகும் இழப்பை ஈடுகட்டிவிடும், அப்போது பச்சை முந்தும்.

‘அ’ என்ற எழுத்தை அனுப்புவோம்

எந்த விளக்கு, எந்த லென்ஸ் என்பதோடு சிக்கனம் முடிவதில்லை. செய்தியை மினுக்கலாக மாற்றும் விதத்திலும் மின்சாரம் இருக்கிறது. இதை நேரில் பார்க்கலாம்.

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறையான யூனிகோடில் ‘அ’ என்ற எழுத்தின் எண் 2949. அதை 16 பிட்டில் எழுதினால் 0000 1011 1000 0101. எரிந்தால் 1, அணைந்தால் 0 என்ற முறையில் அனுப்பினால் விளக்கு ஆறு முறை எரிய வேண்டும். வேறொரு வழி இருக்கிறது. நான்கு பிட்டை ஒரு கட்டாகக் கட்டுவோம். நான்கு பிட்டில் 0 முதல் 15 வரை பதினாறு எண்கள் அடங்கும். நேரத்தையும் பதினாறு சிறு துண்டுகளாகப் பிரித்து, எந்த எண்ணோ அந்த எண்ணுள்ள துண்டில் மட்டும் விளக்கை ஒருமுறை மினுக்குவோம். நம் எழுத்தின் நான்கு கட்டுகள் 0, 11, 8, 5. எனவே நான்கே மினுக்கல். ஏற்பி மினுக்கலை எண்ணாது. அது எப்போது வந்தது என்று பார்க்கும்.

இதைத் துடிப்பு இடப் பண்பேற்றம் என்பார்கள். சராசரியாகப் பார்த்தால் 16 பிட்டுக்கு முதல் முறையில் எட்டு மினுக்கல், இதில் நான்கு. ஒளிக்கான செலவு பாதி. எட்டு பிட்டை ஒரு கட்டாக்கினால் 16 பிட்டுக்கு இரண்டே மினுக்கல்; ஆனால் நேரத்தை 256 துண்டாக்க வேண்டும். ஆக, மின்சாரத்தை மிச்சப்படுத்தி நேரத்தைச் செலவழிக்கிறோம். இரண்டு பக்கக் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகவும் வேண்டும். அவசரமில்லாத சென்சார் தகவலுக்கு இது அருமையான பேரம். ரோபோவிலிருந்து நேரடி வீடியோ வேண்டுமென்றால் ஒத்துவராது.

பிழைதிருத்தக் குறியீடுகளும் இந்த வகைதான். கொஞ்சம் உபரி பிட்களைச் சேர்த்து அனுப்பினால், வழியில் சில சிதைந்தாலும் ஏற்பி மீட்டுவிடும். அதனால் இன்னும் மங்கலான ஒளியிலேயே பேசலாம். குறியீட்டை அவிழ்க்கும் சிப் எடுக்கும் மின்சாரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்பி எவ்வளவு மங்கல் வரை தாங்கும்?

6 கோடியில் ஒரு பங்கு என்றோமே, அது பயப்படும் அளவுக்குக் குறைவா? 1 வாட்டில் வந்து சேர்வது 17 நானோவாட். ஆனால் ஒளி துகள்களாக வருகிறது. பச்சை நிறத்தில் 17 நானோவாட் என்பது விநாடிக்கு 4000 கோடிக்கும் மேற்பட்ட ஃபோட்டான்கள். விநாடிக்கு 10 லட்சம் பிட் அனுப்பினால் ஒரு பிட்டுக்கு 40,000க்கும் மேல் கிடைக்கும். ஒவ்வொரு ஃபோட்டானையும் தவறவிடாமல் எண்ணக்கூடிய ஏற்பி, வேறு வெளிச்சமே இல்லாத இருட்டு என்று இருந்தால், நூறு கோடி பிட்டில் ஒரு பிழை என்ற தரத்துக்குச் சராசரியாகப் பிட்டுக்கு 10 ஃபோட்டான் போதும் என்கிறது கோட்பாடு.

40,000 எங்கே, 10 எங்கே! நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். சாதாரண ஃபோட்டோடையோடு மலிவு, மின்சாரமும் குறைவு, ஆனால் அதற்கு நிறைய ஒளி வேண்டும். தனி ஃபோட்டானையே உணரும் டையோடுகளும் ஒளிப்பெருக்கிக் குழாய்களும் இருக்கின்றன. அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும், பகல் வெளிச்சம் பட்டால் திணறிப்போகும். மேற்பரப்பை ஒட்டிய நீரில் சூரிய ஒளிதான் பெரிய இரைச்சல். ஏற்பியின் முன் ஒரு குறுகிய நிறவடிகட்டி வைத்து, விளக்கின் நிறத்தை மட்டும் உள்ளே விடுவார்கள். 200 மீட்டருக்குக் கீழே சூரியன் பெரிய தொல்லை தருவதில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடித்தரைச் சென்சார் ஏழை. பேட்டரி தீர்ந்தால் அவ்வளவுதான். தகவலை வாங்க அதைத் தேடி வரும் ரோபோ வசதியுள்ளது. திரும்பிப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெரிய லென்ஸ், நுட்பமான ஏற்பி, குறிபார்க்கும் வேலை எல்லாவற்றையும் ரோபோவின் தலையில் கட்டிவிட்டால் சென்சார் ஒரு சின்ன எல்இடியோடு பிழைத்துக்கொள்ளும்.

இடையில் ஒருவர்

40 மீட்டர் தூரத்துக்கு ஒரே தாவலில் பேசுவதா, நடுவில் ஒரு அஞ்சல் கருவி வைத்து 20 மீட்டராக இரண்டு தாவலில் பேசுவதா? கரையோர நீரில் 20 மீட்டரின் இழப்பு 3000 மடங்கு. 40 மீட்டரின் இழப்பு அதன் இரண்டு மடங்கில்லை. 3000 பெருக்கல் 3000, சுமார் 90 லட்சம் மடங்கு. நடுவில் ஒருவரை வைத்தால் மொத்த ஒளிச்செலவு ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைகிறது. நிலத்து ரேடியோவில் இடைக்கருவியால் இவ்வளவு லாபம் வராது. அதற்காக மீட்டருக்கு ஒரு கருவி என்று நட்டுவைக்கவும் முடியாது. ஒவ்வொன்றின் மின்சுற்றுக்கும் அடிப்படைச் செலவு ஒன்று இருக்கிறது. விளக்கின் செலவு அதற்குக் கீழே இறங்கிவிட்டால் மேற்கொண்டு கூறுபோடுவதில் பயனில்லை.

அப்புறம், கேட்டுக்கொண்டே இருப்பதற்கு ஆகும் செலவு. புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். ஏற்பி வெறும் 0.1 வாட் எடுத்து ஆண்டு முழுக்க விழித்திருந்தால் 876 வாட்-மணி. நாம் முதலில் பார்த்த 1 ஜிகாபைட்டை ஒளியில் அனுப்ப ஆனது 2.2 வாட்-மணிதான். பேசுவதைவிடக் காத்திருப்பதற்கு 400 மடங்கு! ஆகவே தூங்க வேண்டும். ஒரு மில்லிவாட்டில் ஓடும் எளிய ஒலி உணர்வி மட்டும் விழித்திருந்தால் ஆண்டுக்கு 9 வாட்-மணிக்குள் முடியும். தொலைவில் வரும் ரோபோ ஒலியால் தட்டி எழுப்பும். அருகே வந்ததும் ஒளிக்கருவி விழித்து, சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தூங்கும். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் இப்படி ஒலியையும் ஒளியையும் இணைத்த கருவிகளை உருவாக்கி அடித்தரை ஆய்வுக்குப் பயன்படுத்தியிருக்கிறது. ஒலியா ஒளியா என்று கட்சி பிரிந்து வாதாடுவதில் அர்த்தமில்லை; இரண்டுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

இதைவிடத் துணிச்சலான யோசனையும் ஒன்று உண்டு: சென்சாரில் விளக்கே வேண்டாம். வந்த திசைக்கே ஒளியைத் திருப்பியனுப்பும் எதிரொளிப்பான் ஒன்றும், அதை மூடித் திறக்கும் மெல்லிய திரையும் போதும். ரோபோ ஒளி பாய்ச்ச, சென்சார் திரையை ஆட்டியே பதில் சொல்லும். ஒளி போய்வர இரு மடங்கு தூரம் என்பதால் எல்லை சுருங்கும். இழப்பு முழுவதையும் சுமப்பது ரோபோவின் பேட்டரி. சூரிய மின்தகட்டையே ஏற்பியாக வைத்து, விழும் ஒளியிலிருந்து செய்தியையும் கொஞ்சம் மின்சாரத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும் கடல் சும்மா இருக்காது. சில வாரங்களிலேயே கண்ணாடியில் பாசி படியத் தொடங்கும். இரண்டு பக்கக் கண்ணாடியும் பாதி ஒளியைத் தடுத்தால் வருவது கால்வாசி; கரையோரத்தில் மூன்றரை மீட்டர் எல்லை காலி. துடைப்பான் வைக்கிறார்கள், பாசியை வளரவிடாத சிறு புறஊதா விளக்கைக் கண்ணாடியை நோக்கிப் பொருத்துகிறார்கள், இரண்டுமே மின்சாரம் எடுக்கும். மழைக்காலத்தில் கலங்கல் கூடும்போதும் இதே நிலைதான். அந்த நேரத்தில் விளக்கைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பது மேல். விநாடிக்கு அனுப்பும் பிட்டைப் பாதியாக்கினால், அதே வெளிச்சத்திலேயே ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு மடங்கு ஃபோட்டான் சேரும். அனுப்பி முடிக்க ஆகும் நேரமும் இரட்டிப்பதால் பிட்டுக்கு ஆகும் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் பேட்டரியின் மேல் ஒரே நேரத்தில் விழும் சுமை ஏறாது, இணைப்பும் அறுந்து போகாது. ஏற்பி தன்னிடம் வரும் ஒளியை அளந்து அவ்வப்போது திருப்பிச் சொல்ல, அனுப்பும் கருவி அதற்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும்.